காலிப் பெட்டியின் வகுப்பு

இந்த ஊரில் காற்றுக்கும் கூலி வாங்குகிறார்கள் என்றால் சிரிப்பீர்கள். நம் பக்கம் பஸ்ஸில் பெட்டி ஏற்றினால் கண்டக்டர் ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனம் இல்லையென்றால் “மேல போடுங்க” என்று விட்டுவிடுவார். பினாங்குத் துறைமுகத்திலோ நீளம், அகலம், உயரம் என்று நாடா பிடிப்பார்கள். ஆணி நிரம்பிய சின்னப் பெட்டியைவிட, ஒன்றுமில்லாத பெரிய அலமாரிக்குக் கூலி அதிகம். ஒரே விலக்கு, புழங்கிய பெட்டியாக இருந்து உள்ளே துரும்புகூட இல்லையென்றால் ‘காலி’ என்ற கடைசி வகுப்பு. சரக்குக் கொட்டகையில் பெட்டி அடுக்குகிறவன் நான். முருகன் புண்ணியத்தில் என் பிள்ளைகள் சாப்பிடுவது அந்த வேலையால்தான்.

கருப்பையா அண்ணன் திருமயத்துக்காரர், ரப்பர் தோட்டத்துப் பட்டறையில் பிட்டர். மெஷின் அவருடைய வலது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. தோட்டத்து ஆபீசில் டிக்கெட் கொடுத்து ஊருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஸ்பானர், சுத்தியல் எல்லாம் தோட்டத்துச் சொத்தென்று எடுத்துக்கொண்டார்கள். மிச்சம், அவர் சொந்தத்தில் வாங்கிய, கருவி வைக்கும் இழுப்பறைகளோடு கூடிய இடுப்புயரப் பச்சை இரும்பு அலமாரி. “கை போனா என்ன தம்பி, மச்சினன் கை இருக்கு. இது மட்டும் வந்துட்டா ரோட்டோரம் சைக்கிள் கடை போட்டுருவேன்” என்றார். இடது கையால் அதன் கதவில் வெள்ளைப் பெயிண்டில் ‘கருப்பையா, திருமயம்’ என்று கோணல்மாணலாக எழுதியிருந்தார். ‘காலி’ வகுப்பென்றால்தான் ஆபீஸ் கூலி கட்டும். வேறு வகுப்பென்றால் அலமாரி இங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். என் கல்யாணத்தில் சீர்ப்பெட்டி வாசலுக்கு வந்தபோது என் தாயார் மறித்து, அதில் அரிசியும் மஞ்சளும் போட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள். வெறும் பெட்டி வீட்டுக்குப் போகக் கூடாது.

கப்பல் புறப்படும் நாள். சீனக் குமாஸ்தா நாடா பிடித்து முடித்து, “கோசோங்?” என்றார். காலியா என்று கேட்கிறார். “கோசோங்” என்றேன். கதவைத் திறந்து மேல் இழுப்பறையை இழுத்தார். ஒரு பிடி அரிசி, அதன்மேல் ஒரு மஞ்சள். அடுத்ததிலும் அதே. ஒவ்வொன்றாக இழுக்க இழுக்கக் கொட்டகையே சிரித்தது.

“எலிக்குச் சாப்பாடா?” என்று மலாயில் கேட்டார்.

“சாமிக்கு” என்றேன்.

“உன் சாமி டிக்கெட் எடுத்ததா? கொட்டு. இல்லையென்றால் தானியம் என்று எழுதுவேன்.”

அண்ணன் மனைவி மீனாட்சி என் குறுக்கே வந்து நின்றது. “வேணாம்ண்ணே. நான் வச்சதைக் கொட்டுனா வெளங்குமா? வெறும் பொட்டியவா ஊருக்கு அனுப்புவாக?”

“கையில்லாதவன் போறேன், பொட்டி நெறஞ்சு போகணுமாக்கும்? கொட்டுடி!”

அது அசையவில்லை. அவரே ஒவ்வொரு இழுப்பறையையும் நெஞ்சில் அணைத்து, இடது கையால் கவிழ்த்தார். ஒன்று நழுவிக் காலில் விழுந்தது. “ஒத்தக்கை ராசா, பாத்து!” என்று நம் தமிழாள் ஒருவனே விசிலடித்தான். மண்ணில் கிடந்த அரிசியை மீனாட்சி முந்தானையில் அள்ளியது. குமாஸ்தா அதைத் தாண்டிப்போய் ‘காலி’ என்று எழுதினார்.

எழுதிய பிறகுதான் மிச்சத்தைச் சொன்னார். காலிப் பெட்டி கடைசியில்தான் ஏறும், அதுவும் இடம் இருந்தால். இடம் இல்லை. கப்பல் அவர்கள் இருவரையும் மட்டும் ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. “தம்பி, அடுத்த கப்பல்ல ஏத்திவிட்டுரு!” என்று மேலிருந்து கத்தினார். தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ கப்பல் போய்விட்டது. கொட்டகை ஆட்கள் அந்த இழுப்பறைகளில் லுங்கி, சுருட்டு, கருவாடு என்று போட்டுவைக்கிறார்கள். நான் எடுத்து வெளியே வைத்தால் மறுநாள் திரும்ப வந்துவிடும். போன வாரம்தான் முதல்முறையாகக் கப்பலில் இடம் இருந்தது. குமாஸ்தா ஒரு இழுப்பறையை இழுத்தார். யாருடைய சட்டையோ கிடந்தது.

“கோசோங் இல்லை” என்று சாத்திவிட்டார்.

எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்று கெஞ்சினேன். அதற்குள் அந்த இடத்தில் ரப்பர் மூட்டைகள் ஏறிவிட்டன. கப்பல் போன பின் ஒரு மலாய்க்காரர் அலமாரிமேல் ஏறி உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். கதவில் திருமயம் என்ற எழுத்தின்மேல் அவர் கால்கள் ஆடிக்கொண்டிருந்தன.