பாளையங்கோட்டையில் வாசிக்கக் கேட்டது

சனிக்கிழமை காலை வண்டியில் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பினேன். மூன்றாம் வகுப்பு. கையில் ஒரு கூஜா, காலடியில் தகரப் பெட்டி. பெட்டி நிறையப் புத்தகம். அச்சுக்கூடத்தில் இத்தனை வருடம் பிழை திருத்தி நான் சேர்த்த சொத்து அவ்வளவுதான். இப்போது அதுவும் எனக்கு உபயோகமில்லை. கண் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், எதிரே ஆள் வருவது தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. புரை என்றால் எடுத்துவிடலாம், இது நரம்பு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கடவுளுக்கு என்னிடம் பிடுங்க வேறொன்றும் கிடைக்கவில்லையா என்று தெருவில் நின்றே கத்தினேன். நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் என் தங்கை, அந்த வரி வேண்டாம் என்கிறாள். எழுது என்கிறேன்.

பயணத்துக்குக் காரணம் சிவனு பிள்ளை. பாளையங்கோட்டையில் கோர்ட்டு குமாஸ்தா. அவரும் நானும் வருடக்கணக்காகத் தபாலில்தான் சிநேகம்: இதைப் படியும், அதைத் தொடாதேயும் என்று மாறி மாறி எழுதிக்கொள்வோம். என் கண் விஷயம் தெரிந்ததும், தங்கள் ஊர் உபாத்தியாயர் ஒருவர் சனிக்கிழமைதோறும் கதை வாசிக்கிறார், நாலைந்து பேர் கூடிக் கேட்கிறோம், நீரும் வாரும் என்று எழுதினார். பெட்டியை அவர்களிடமே ஒப்படைத்துவிடுவது, மாதம் ஒருமுறை போய் என் புத்தகங்களை என் காதால் கேட்பது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அது நடந்தால் உயிரோடிருக்க ஒரு காரணம் உண்டு. நடக்காவிட்டால் என்ன செய்வதென்று யோசிக்கவில்லை.

மணியாச்சி பதினெட்டு மைல். அங்கே வண்டி மாறி இன்னொரு பதினெட்டு மைல். கரிசல் காடு வரைக்கும் வெக்கை, கங்கைகொண்டான் தாண்டியதும் ஈர மண் வாசனை. இவ்வளவுதான் நான் வர்ணிக்க முடியும். மற்றதைப் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும், அவர்களோ தூங்கிவிட்டார்கள்.

திருநெல்வேலி ஸ்டேஷனில் ஜட்காக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, பாடுத பொட்டியா?” என்றார். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கிராமபோன் புதிதாக வந்திருக்கிறதாம். அது கதை வாசிக்குமா என்று கேட்டேன்.

“கதையா? ஒரு பாட்டு முடியுததுக்குள்ள மூச்சு வாங்குது அதுக்கு. கதை வாசிச்சா செத்துப் போயிரும்.”

பாளையங்கோட்டைக்கு மூன்றணா என்றார், பெட்டிக்கு ஓரணா கூட. பாலத்தில் ஏறியதும் கீழே தாமிரபரணி ஓடும் சத்தம் கேட்டது. குதிரை தானாகவே நடையைக் குறைத்தது.

பிற்பகல் மூன்று மணிக்குச் சிவனு பிள்ளை என் கையைப் பிடித்து உபாத்தியாயர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். உபாத்தியாயர் பெயர் ஞானமுத்து. மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். முற்றத்து வேப்ப மரத்தடியில் பாய் விரித்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மீரான் ராவுத்தர், மேலப்பாளையத்து ஜவுளி வியாபாரி. புதிதாக வருகிறவர் ஒரு புத்தகத்தைக் கைகாட்ட வேண்டும், உபாத்தியாயர் அதை வாசிப்பார், இதுதான் அங்கே வழக்கம் என்று அவர் சொன்னார். “யோசிச்சு வையும் வே. நான் கைகாட்டுனதுக்கு இன்னும் ஏச்சு வாங்குதேன்.”

அன்று நடந்துகொண்டிருந்த கதை நான் பிழை திருத்தியதுதான். என்ன குரல் ஐயா அது! சத்தமில்லை, நடிப்பில்லை. கிழவன் பேசினால் கிழவன், மாமியார் பேசினால் மாமியார். படித்த காலத்தில் கூட நான் அந்தக் கதையை இப்படிப் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. இது போதும், இனி இது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தாயும் குழந்தையும் ஆற்றங்கரைக்குப் போகும் கட்டம் வந்தது. அங்கே குழந்தை ஜுரத்தில் இறக்கும். நான்கு பக்கம். உபாத்தியாயர் மூச்சு விடாமல் அதைத் தாண்டி, ஊர்ச் சண்டைக்குப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. விட்டுப்போன வரியைக் கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு! இனி எனக்கு யார் எதை விட்டாலும் தெரியப்போவதில்லை, படிக்காத புத்தகத்தில் பாதியை விழுங்கினால் கூட நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன் என்று ஆத்திரம் பொங்கியது. வாயைத் திறந்தேன். ராவுத்தர் என் தொடையை அழுத்திப் பிடித்தார். “பைய, பொறவு சொல்லுதேன்” என்றார்.

சாயங்காலம் ராவுத்தர் தம் வண்டியில் என்னை வண்ணார்பேட்டைக்கு ஆற்றில் குளிக்கக் கூட்டிப்போனபோதுதான் விஷயத்தைச் சொன்னார்.

“அவருக்கு ரெண்டு பிள்ளைய. போன வருஷத்து வாந்திபேதியில ஒரே வாரத்துல ரெண்டும் மௌத்தாப் போச்சு. அதுல இருந்து, கதையில பிள்ளை சாகுத இடம் வந்தா தாண்டிருவாரு. எங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியும்ங்கது அவருக்குத் தெரியாது. வே, அது அப்படியே இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு மஃரிபுத் தொழுகைக்கு நேரமாயிற்று என்று படித்துறையில் இறங்கிக் கை கால் கழுவினார். நான் தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டு, பெட்டியில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக மனதில் புரட்டினேன். ஒன்றில் பாம்பு கடிக்கிறது, ஒன்றில் கிணறு, ஒன்றில் பஞ்சம். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பிள்ளையைக் கொல்லாமல் கை ஓடாதா? நான் உயிராக நேசித்த புத்தகங்களில் அந்த மனிதரிடம் கொடுக்க ஒன்று கூட இல்லை. அந்த நதியில் நின்று அழுதேன். குளிக்கிறவன் அழுவது யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை உபாத்தியாயர் கதை வாசிக்க மாட்டார். அவர் வேதக் கோவில் ஆராதனைக்குப் போய்வந்தபின் பேச உட்கார்ந்தோம். “அண்ணாச்சி, இன்னும் நீங்க கைகாட்டலியே?” என்றார். நான் ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன். மாட்டு வைத்தியம் பற்றிய சின்னப் புத்தகம், எங்கள் அச்சுக்கூடத்தில் அடித்தது.

சிவனு பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். “ஏன்வே, எங்களப் பார்த்தா மாடு மாதிரி தெரியுதா?”

“உமக்குப் புல்லுக்கட்டும் வாங்கித் தருவாருவே” என்றார் ராவுத்தர்.

உபாத்தியாயரும் சிரித்தார். “வைத்தியம் கதை இல்லியே. ஞாயித்துக்கிழமை வாசிச்சாப் பாவமில்ல” என்று எடுத்துப் பிரித்தார். கோமாரிக்கு என்ன செய்வது, வயிறு உப்பினால் என்ன கொடுப்பது என்று அதே குரலில் வாசித்தார். ராவுத்தர் ஒவ்வொரு நோயையும் சிவனு பிள்ளைக்குப் பொருத்திச் சொல்ல, முற்றமே கலகலப்பாக இருந்தது. உள்ளே உபாத்தியாயர் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் கூட ஒருமுறை சிரித்தது கேட்டது.

பிறகு கறவை என்ற பகுதி வந்தது. ஈன்ற பசுவின் கன்று இறந்துவிட்டால், கன்றின் தோலை உரித்து, வைக்கோல் அடைத்து, பசுவின் முன்னால் நிறுத்த வேண்டும். பசு அதை நக்கும். நக்கினால் பால் சுரக்கும்.

இதை நானே பிழை திருத்தியிருக்கிறேன். ஒற்று மிகுந்ததா மிகவில்லையா என்று பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததே இல்லை.

என்ன வரப்போகிறது என்று முன்னால் தெரியாததால் அவரால் தாண்ட முடியவில்லை. கடைசி வரை வாசித்தார். குரல் உடையவில்லை, உடைந்திருந்தால் தேவலை. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, மற்றவர்களிடம் கேட்கவும் துணிவில்லை.

திங்கட்கிழமை காலை ஜட்கா வந்து நின்றபோது, பள்ளிக்கூடம் போகும் வழியில் உபாத்தியாயர் வந்தார்.

“பொட்டிய இங்கனயே விட்டுட்டுப் போங்க அண்ணாச்சி. ஒவ்வொண்ணா முதல்ல நான் தனியா இருந்து வாசிச்சிருதேன். பொறவு சனிக்கிழமை எல்லாருக்கும் வாசிக்கேன். எப்பவும் அப்படித்தான் செய்யுதேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதைத் தாண்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள, அவர் அதை ஒருதரம் வாசித்தாக வேண்டும். எங்கள் காதுக்கு வராத ஒவ்வொரு சாவையும் அந்த மனிதர் ராத்திரி விளக்கடியில் தனியாக வாசித்திருக்கிறார். பெட்டி முழுக்க அதுதான் இருக்கிறது.

“இல்லை உபாத்தியாயரே, கொண்டுபோகிறேன்” என்றேன்.

“ஏன்வே, கண்ணு தெரியாம அடைகாக்கவா போறீரு?” என்று சிவனு பிள்ளை கத்தினார். உபாத்தியாயர் மட்டும் ஜட்காவுக்குக் கிட்டே வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“ராவுத்தர் சொன்னாரா?”

நான் பெட்டியை ஜட்காவுக்குள் தள்ளினேன். அதுவே பதிலாகிவிட்டது.

“அப்போ எல்லாருக்கும் தெரியும். நான் வாசிக்கும்போதெல்லாம் எல்லாரும் தெரிஞ்சேதான் கேட்டுக்கிட்டு…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. பள்ளிக்கூடத்து மணி அடித்தது. போய்விட்டார்.

தூத்துக்குடியில் எங்கள் தெருவில் எனக்கு வாசிக்க ஆளில்லை. தங்கைக்கு வேலை ஒழிந்தால்தான். இங்கே இல்லாதது அங்கேயாவது இருக்கிறது என்று சில நாள் தேற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் ராவுத்தர் நெசவு நூல் வாங்க வந்தார். பேச்சு வாக்கில், இப்போது என்ன கதை நடக்கிறது என்று கேட்டேன்.

“இப்பமும் சனிக்கிழமை போறோம்வே. பாய் விரிச்சு உக்காருதோம். மழை, நெல்லு விலைன்னு பேசுதோம். புஸ்தகப் பேச்சை யாரும் எடுக்கதில்ல” என்றார்.