வெள்ளிக்காசும் நானும்

பழைய காசு சேர்க்கிறவனுக்கு முதலில் வேண்டியது பணம் இல்லை, வீட்டில் இருப்பவர்களின் பொறுமை. தட்டாஞ்சாவடியில் எனக்கு லேத் பட்டறை, வீடு மூலக்குளத்தில். இரும்பில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஐரோப்பிய வெள்ளிக்காசு என்றால் மட்டும் புத்தி மழுங்கிவிடும். உங்களுக்கும் இந்த நோய் இருந்தால், படித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையுங்கள்.

சண்டே மார்க்கெட் மகாராணி

நடைபாதையில் பழைய பூட்டு, மூக்குக்கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு ஆஸ்திரியக் காசு. ஒரு பக்கம் மகாராணி, மறுபக்கம் இரட்டைத்தலைக் கழுகு. விற்றவருக்கு அதன் அருமை தெரியவில்லை என்று எண்ணி, அழாத குறையாகப் பேரம் பேசி வாங்கினேன். பிரவுசிங் சென்டரில் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அச்சு அசல்.

வீட்டுக்கு வந்ததும், வெள்ளியைக் காந்தம் இழுக்காது என்று என் மனைவி கலாவுக்குப் பாடம் நடத்தி, பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்த வாத்துப் பொம்மையைக் காசுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. கலா சிரிக்கக்கூட இல்லை.

"உங்க ராணி நம்ம வூட்டு வாத்த விடமாட்டேங்கறாங்க."

மதாம் கொடுத்த காபி

கருவடிக்குப்பத்தில் ஒரு மதாம். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலைபார்த்துக் காலமானவர். அவரிடம் பெண் தலை பொறித்த, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐந்து பிராங்க் வெள்ளிக்காசு ஒன்று இருந்தது. விலையைக் குறைக்க வேண்டுமே என்று கொட்டாவி விட்டுக்கொண்டே, "சாதாரணக் காசுதான் மதாம், எங்கயும் கிடைக்கும்" என்றேன். அவர் நிதானமாகக் காபியை என் பக்கம் நகர்த்தினார்.

"சாதாரணக் காசுக்கா முசியே, மூலக்குளத்துலேருந்து மூணு வாட்டி வந்துட்டீங்க?"

கொலுசு

அந்தக் காசை மதாம் சொன்ன விலைக்கே வாங்கி, பூஜை அலமாரியில் லட்சுமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். எனக்குத் தெரிந்த பத்திரம் அவ்வளவுதான். பேத்தியின் முதல் பிறந்தநாளுக்குக் கொலுசு செய்ய, வீட்டில் கிடந்த பழைய வெள்ளியை எல்லாம் கலா திரட்டி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறாள். அதோடு என் காசும் போய்விட்டது.

விஷயம் தெரிந்ததும் ஆசாரியிடம் ஓடினேன். அவர் பட்டறையில் புதுக் கொலுசு பளபளவென்று கிடந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு மேஜையிலும் தரையிலும் காசைத் தேடினேன். நான் தேடி வந்தது எதை என்று புரிந்ததும், ஆசாரி என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"நல்ல வெள்ளி சார். அந்தப் பொம்பளத் தலதான் உருகக் கொஞ்சம் நேரம் புடிச்சிச்சி."

இரண்டு உலக யுத்தங்களைத் தாண்டி வந்த காசு, என் பாதுகாப்பில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.