எழுநூறு பேர் சாப்பிட்டார்கள், மகிழினி சாப்பிடவில்லை

என் வீட்டுக்காரர் பீம்ராவ், திருவொற்றியூரில் லாரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். மதியச் சாப்பாடு முடிந்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவர் மட்டும் மிச்சம் கொட்டும் டிரம் பக்கத்தில் போய் நிற்பார். எழுநூறு பேர் தட்டைக் கொட்டுவதை ஒருவர் விடாமல் பார்ப்பார். யார் எதை ஒதுக்கினார்கள், எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று மனசில் குறித்துக்கொள்வார். ஒரு பொரியல் அதிகமாக மிச்சம் வந்தால் அடுத்த வாரம் அது மெனுவில் இருக்காது. பாகற்காய் அப்படித்தான் போனது, கோவைக்காய் போனது, ரவா கிச்சடியும் போனது. யூனியன்காரர்கள் புகார் எழுதுவதற்கு முன்பே ஐட்டத்தைத் தூக்கிவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் சமையல் மேல் ஒரு புகார் கிடையாது. இந்தப் பெருமையை வாரத்துக்கு மூன்று முறை நான் கேட்டாக வேண்டும். என் தலையெழுத்து.

வியாசர்பாடியில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் வெங்காயம் உரிக்கும் வேலைக்கு அந்தக் கேன்டீனுக்குள் போனார். பிறகு காய் நறுக்கினார், அரிசி வடித்தார், குழம்பு வைத்தார், இன்றைக்குக் கரண்டி அவர் கையில். விடிகாலை நான்கு மணிக்கு சைக்கிளை எடுத்தால் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். நான் காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து எங்களுக்குப் பிறந்தவள் மகிழினி.

ஒன்றரை வயது வரைக்கும் அவள் கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் திடீரென்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "வுடு, எம் பொண்ணுக்கு நான் சமைக்கிறேன். எழுநூறு பேரை துன்ன வெக்கிறவனுக்கு ஒரு கொயந்த பெரிய விசயமா?" என்று பீம்ராவ் களத்தில் இறங்கினார். அன்று பிடித்தது சனி.

இட்லியைத் துப்பினாள். மறுநாள் தோசை சுட்டார். தோசையைத் தள்ளினாள். மறுநாள் முட்டை, அதற்கு மறுநாள் பருப்பு சாதம். "ஒருக்கா துப்பிட்டா அந்த ஐட்டம் ஃபெயிலுமே. வேற போட்டுப் பாப்போம்" என்பார். அளவாவது கொஞ்சமா? அவர் கைக்குத் தெரிந்தது கேன்டீன் கரண்டி. இரண்டு வயதுக் குழந்தையின் தட்டில் லோடு இறக்குகிறவன் சாப்பாடு மாதிரி குவித்து வைப்பார். அவள் தட்டைப் பார்த்ததுமே அழுவாள். இவர் போனில் பொம்மைப் படம் போடுவார், கெஞ்சுவார், ஆடுவார், பாடுவார். நான் கரண்டியோடு பின்னாலேயே போய்க் கத்துவேன். எதற்கும் அசையவில்லை அந்த மகராசி. ஆறு மாதத்தில் அவளுக்கு மிஞ்சியது தயிர்சாதமும் பிஸ்கட்டும்தான்.

என் பங்குக்கு நானும் ஒரு தப்பு செய்தேன், அதை மறைக்கப்போவதில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்கிறார்களே, அவள் அழும்போதெல்லாம் பால் புட்டியைக் கொடுத்தேன். வெறும் வயிற்றோடு இருக்கிறாளே என்று ஒரு நாளைக்கு ஆறு புட்டி போனது.

ஒருநாள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்தேன். மகிழினி சுவரோரமாக உட்கார்ந்து சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள். முகமும் அதே சுண்ணாம்பு வெள்ளை. மறுநாள் அவரை லீவு போடச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அங்கே டாக்டர் ஆஃபியா ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் ஏழு புள்ளி நான்கு. எடை ஒன்பது கிலோ கூட இல்லை.

"குறைஞ்சது பதினொண்ணு இருக்கணும்க்கா. இரும்புச்சத்து டானிக் தர்றேன். ஒரு மாசம் பாப்போம். ஏழுக்குக் கீழ இறங்கிச்சுன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேத்து ரத்தம் ஏத்தணும்" என்றார். பிறகு பீம்ராவிடம் திரும்பி, "என்னெல்லாம் குடுத்துப் பாத்தீங்கண்ணா?" என்று கேட்டார்.

இவர் மனப்பாடமாக ஒப்பித்தார். "இட்லி, தோசை, முட்டை, பருப்பு சாதம், கேரட்டு, பீட்ரூட்டு, நெத்திலி, ஈரலு, சுவரொட்டி… எல்லாம் குட்த்துப் பாத்தாச்சு மேடம். எதுவும் ஓடல. தூக்கிட்டேன்."

"தூக்கிட்டேன்னா?"

"மெனுலேந்து தூக்கிட்டேன். கேன்டீன்ல மிச்சம் வந்தா அப்டித்தான் செய்வோம்."

"சரி, ஒவ்வொண்ணும் எத்தனை தடவை குடுத்தீங்க?"

"ஒருக்கா. துப்பினப்புறம் இன்னாத்துக்கு குடுக்கறது?"

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "அண்ணா, உங்க கேன்டீன்ல சாப்பிடறவங்க அந்தப் பொரியலோட ருசி தெரிஞ்சு வேணாங்கறாங்க. இவளுக்கு இன்னும் எதுவுமே தெரியாது. ஒரு பண்டத்தைப் பத்து தடவை, பதினைஞ்சு தடவை பாத்தாத்தான் இதைத் தின்னலாம்னே நம்புவா. நீங்க மொத தடவையே எடுத்துடறீங்க. பாவம், அவ எதைத்தான் பழகுவா?"

அடுத்து எனக்கும் விழுந்தது. பால் வயிற்றை அடைத்துவிடுகிறதாம், அதிகமானால் உடம்பில் இரும்புச்சத்தையும் ஏறவிடாதாம். புட்டியே கூடாது, நாளுக்கு இரண்டு சின்ன டம்ளர் போதும் என்றார். தயிர்சாதத்தோடு வேறு ஒரே ஐட்டம், அதுவும் பொடிசாக நறுக்கி இரண்டு மூன்று துண்டு. பெற்றவர்களும் கூட உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும். போன் வேண்டாம், கெஞ்ச வேண்டாம், மிரட்ட வேண்டாம். இருபது நிமிஷம் கழித்துச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டை எடுத்துவிட வேண்டும்.

"முக்கியமா, தட்டை எடுக்கறப்ப மூஞ்சில ஒண்ணும் காட்டக்கூடாதுண்ணா" என்றார்.

வரும் வழியெல்லாம் இவர் புலம்பினார். "இன்னாமே இது? துப்பினதையே திருப்பித் திருப்பி வெச்சா கம்பெனில என்னைக் கேட்டுக்கு வெளிய தூக்கிப் போட்ருவாங்க."

"யோவ், அவ இன்னா யூனியன் லீடரா? ரெண்டு வயசுக் கொயந்தய்யா. பேசாம டாக்டரம்மா சொன்னத்தச் செய்" என்றேன்.

சுவரொட்டியில் ஆரம்பித்தோம். ஆட்டு மண்ணீரல், அதைத் தின்றால் ரத்தம் ஊறும் என்று எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் கொடுப்பது. பட்டாணி அளவுக்கு நறுக்கி, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கி, மூன்றே மூன்று துண்டை அவள் தட்டில் வைத்தார். மூன்று துண்டு வைப்பதற்குள் அவர் கை நான்கு முறை சட்டிக்குப் போய்வந்தது. மகிழினி ஒன்றை எடுத்து முகர்ந்தாள், கீழே போட்டாள். இரண்டாம் நாள் தொடக்கூட இல்லை. மூன்றாம் நாள் விரலால் நசுக்கினாள். நான்காம் நாள் தட்டையே கவிழ்த்தாள். தட்டை எடுக்கும்போது பீம்ராவின் கண் முட்டைக் கூடைப் பக்கம் போனது.

ஆறாம் நாள் ஒரு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வரக் கடைத்தெரு வரை போயிருந்தேன். திரும்பி வந்தால், மனுஷன் பால்கனியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் மகிழினி, அவள் வாயில் பால் புட்டி. ஒரு கையில் பிஸ்கட் வேறு.

எனக்கு வந்த கோபத்தில் தெருவே கேட்கும்படி கத்தினேன். "அறிவு கீதா உனக்கு? இன்னா சொல்லி அனுப்புனாங்க?"

"பசில அழுதாமே. மனசு தாங்கல."

"ஏழுக்குக் கீழ போயி, பச்சப்புள்ள கையில ஊசி குத்தி ரத்தம் ஏத்துவாங்களே, அப்போ தாங்குமா உம் மனசு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் சின்ன வயசுல பசில அழுதுகினே தூங்கியிருக்கேன் மதி. எங்கம்மாவாண்ட குடுக்க ஒண்ணும் கெடையாது. அதனாலதான் நான் கரண்டி புடிக்கிற வேலைக்கே போனேன். எம் பொண்ணு பசின்னு அழுதா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

பதினோரு வருஷமாக ஒன்றாகக் குடும்பம் நடத்துகிறேன், இதை என்னிடம் சொன்னதே இல்லை. ஆனாலும் புட்டியைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். "உங்கம்மாவாண்ட இல்ல. நம்பாண்ட கீது. தட்டு நாளைக்கும் அவ முன்னாடி வரும். அது வேற பசி, இது வேறய்யா" என்றேன். அதற்கப்புறம் புட்டி வீட்டுக்குள் வரவில்லை.

பதினோராம் நாள் கம்பெனியில் இரண்டு பேர் வரவில்லை. பாத்திரம் தேய்ப்பது உட்பட எல்லாவற்றையும் இவர் தலையில் கட்டிவிட்டார்கள். ஐந்து மணிக்கு வந்தவர், கண்ணெல்லாம் உள்ளே போய், பசி காதை அடைக்க, தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பெண் சாப்பிடுகிறாளா என்று பார்க்கவேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. சோற்றைப் பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். மகிழினி தன் தட்டை விட்டுவிட்டு நகர்ந்து நகர்ந்து அவர் பக்கத்தில் வந்தாள். அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு சுவரொட்டியை எடுத்து வாயில் போட்டாள்.

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் கண்ணாலேயே மிரட்டினேன், பார்க்காதே என்று. அவள் மென்றாள், முகத்தைச் சுளித்தாள். துப்பப்போகிறாள் என்றே நினைத்தேன். விழுங்கினாள்.

"ப்பா, காரம்" என்றாள்.

"ஆமாம்மா, மொளகு" என்றார் இவர், குனிந்த தலை நிமிராமல். அவள் இன்னொன்று எடுத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் கை கழுவப் போனவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது. நான் தண்ணீர் வீணாகிறது என்று அன்றைக்கு மட்டும் சத்தம் போடவில்லை.

அதற்குப் பிறகு தினமும் சாப்பிட்டாள் என்று சொன்னால் அது பொய். ஒருநாள் இரண்டு துண்டு, இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. முட்டை திரும்ப வந்தது, ஏழாவது தடவையில் மஞ்சள் கருவை மட்டும் தின்றாள். முருங்கைக்கீரையை இன்று வரைக்கும் தொடவில்லை. அது வந்துகொண்டேதான் இருக்கிறது.

மாதம் முடிந்து மறுபடியும் டாக்டரிடம் போனோம். முந்தின நாள் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஊசி குத்தும்போது மகிழினி அலறினாள். முடிவு வரும் வரைக்கும் பீம்ராவ் அந்த வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். ரத்தம் எட்டு புள்ளி எட்டு. எடை இருநூற்றைம்பது கிராம் கூடியிருந்தது.

"அட்மிஷன் வேணாம்ண்ணா. டானிக்கை நிறுத்தாதீங்க, இதே மாதிரி குடுங்க" என்றார் டாக்டர்.

"மிஷின் கரீட்டா மேடம்? இன்னொருக்கா வெச்சுப் பாக்கலாமா?" என்றார் என் வீட்டுக்காரர். டாக்டர் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை எடை பார்த்தார். அதேதான் காட்டியது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வரும்போதே கறிக்கடையில் நிறுத்திச் சுவரொட்டி வாங்கினார். அன்றைக்கு அவர் சமைத்த மாதிரி இதுவரைக்கும் சமைத்ததில்லை. வாசனை மாடிப்படி வரைக்கும் போனது. மூன்று துண்டு வைத்தார். மூவரும் உட்கார்ந்தோம். மகிழினி தயிர்சாதத்தைத் தின்றாள். மூன்று துண்டையும் விரலால் ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினாள். "நாணாம்" என்றாள்.

இதோ எழுந்திருக்கப்போகிறார், இதோ முட்டை உடைக்கப்போகிறார் என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பீம்ராவ் தன் சோற்றை முழுசாகச் சாப்பிட்டு முடித்தார். அவள் தட்டை எடுத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை, கண்ணும் முட்டைக் கூடைப் பக்கம் போகவில்லை.

"சரிம்மா. நாளைக்கிப் பாத்துக்கலாம்" என்றார்.

அவள் வாயைத் துடைத்துவிட்டு, பாயை விரித்து, அவளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை. இத்தனை மாதத்தில் அந்த மனுஷன் பகலில் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. டாக்டர் முன்னால் வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.