எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் பழைய மாணவர்

அம்மாவின் தம்பியான என் சின்ன மாமா ஹொலண்டில் ஆறு வருடம் பேஸ்போல் ஆடிச் சம்பளம் வாங்கியவர். சின்னச் சம்பளம்தான். மைதானத்தின் கடைக்கோடியில் நின்று, பந்து வந்தால் பிடிக்க வேண்டும். அந்த ஆறு வருடத்தில் மூன்று கழகங்கள் அவரை வைத்திருந்து பார்த்துவிட்டுக் கைமாற்றின. பிறகு லண்டன் வந்து, தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் தங்கி, அதே தொழிலைச் சம்பளமில்லாமல் தொடர்ந்தார்.

இங்கே பேஸ்போல் இல்லை, கிரிக்கெட். அதை ஆட, நாங்கள் விட்டுவந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் சங்கங்கள் இருந்தன. மாமா நாலு கோடையில் நாலு பள்ளிக்கூடத்துக்குப் பழைய மாணவரானார். மட்டை பிடிக்கத் தெரியாதவர் என்பது எப்படியும் ஜூலைக்குள் தெரிந்துவிடும்; அடுத்த கோடைக்கு வேறு பள்ளிக்கூடம். ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு அணியும் வரிசையாக நின்று தன் பாடசாலைக் கீதத்தைப் பாடும். மாமா வாயை மட்டும் அசைப்பார்.

ஒரு சங்கம் மட்டும் அவரைச் சேர்க்கவில்லை. பாடசாலை விடுகைப் பத்திரம் கேட்டார்களாம். நாட்டைவிட்டு ஓடி வந்த அவசரத்தில் மாமா அதை எடுத்துவர மறந்திருந்தார்.

அந்தச் சங்கத்தோடுதான் நாலாவது கோடையின் இறுதியாட்டம், கோலியர்ஸ் வுட் பக்கத்துப் பூங்காவில். எனக்கு ஒன்பது வயது. எல்லாருக்கும் தின்னக் கொண்டுபோன இறைச்சி ரோல்ஸ் பெட்டிக்கு நான் காவல். பெட்டியை யாரிடமிருந்து காப்பாற்றியிருக்க வேண்டும் என்பதை அம்மா பின்னேரம்தான் கண்டுபிடித்தார்.

"அண்ணை, இண்டைக்கு ஒரு கட்ச் விட்டியள் எண்டால் அடுத்த வருசம் வேற பள்ளிக்கூடம் பாருங்கோ," என்றார் எங்கள் கப்டன்.

"எங்க பாக்கிறது தம்பி? லண்டனில இனி மிச்சமில்லை," என்றார் மாமா.

கடைசிப் பந்து. அவர்களுக்கு நாலு ஓட்டம் வேண்டும். அடித்த அடியில் பந்து மாமாவின் தலைக்கு மேலாக எல்லைக் கயிற்றை நோக்கிப் பறந்தது. கிரிக்கெட்காரர் என்றால் பந்தைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்து தடக்கி விழுவார். மாமாவோ பந்துக்கு முதுகைக் காட்டி ஓடத் தொடங்கினார்.

"பிடிக்கச் சொன்னால் இந்தாள் எங்க ஓடுது?" கப்டன் தலையில் கை வைத்தார்.

"அவனுக்கு ஓடித்தானே பழக்கம்," என்றார் அம்மா.

மாமா திரும்பிப் பார்க்கவேயில்லை. கயிற்றுக்கு ஓரடி முன்னால், யாரோ சொல்லிவைத்தாற்போல, இடக்கையைத் தோளுக்கு மேலே நீட்டினார். பந்து வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது.

நாயோடு நடந்துகொண்டிருந்த வெள்ளைக்காரக் கிழவர்கூடக் கைதட்டினார். கப்டன் மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.

கிண்ணம் கொடுத்தபோது வென்றவர்களின் கீதம் பாடினார்கள். தோளில் இருந்தபடியே மாமா வாயை அசைத்தார். அடுத்து, மரியாதைக்காக, தோற்றவர்களின் கீதம். மாமா தன்னை இறக்கிவிடச் சொன்னார். கைகளைப் பின்னால் கட்டி, நிமிர்ந்து நின்று, மூன்று சரணத்தையும் ஒரு சொல் பிசகாமல் வாய்விட்டுப் பாடினார். எதிரணியில் பாதிப்பேருக்கு மூன்றாவது சரணம் மறந்துபோயிருந்தது. மாமாவின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பாடினார்கள்.

மாமா கெட்டிக்காரன், அடுத்த வருடத்துப் பாட்டை இப்போதே பாடமாக்கிவிட்டார் என்று நினைத்து, கடைசி ரோலை அவருக்காக விட்டுவைத்தேன்.