மூன்றே முக்கால் அடி உயரத்தில் ஒரு கல்யாண மண்டபம்

மதி வேலைக்குச் சேர்ந்த நாளில், எங்கள் ஆர்க்கிடெக்ட் தேவப்பிரியம் அலுவலக வாசலில் இருந்த ஒற்றைப் படியை உடைக்கச் சொல்லி, அங்கே சரிவாக சிமெண்ட் பூச வைத்தார். சிமெண்ட் காய்வதற்குள் மதி வந்துவிட்டாள். வியாசர்பாடியிலிருந்து ராயபுரம் வரைக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மூன்று சக்கர சைக்கிளைக் கையால் சுற்றி ஓட்டிக்கொண்டு வந்தவள், அப்படியே மேலே ஏற்றினாள். ஈர சிமெண்டில் தடம் பதிந்தது.

"சாரி சார், காயலன்னு தெரியாது."

"பரவால்லம்மா. உனக்காகப் போட்டதுதானே."

இது 2001இல். நான் அங்கே டிராஃப்ட்ஸ்மேன். என் பெயர் ஹென்றி. மதிக்கு என் பக்கத்து மேஜையைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அவள் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால், இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மதிக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் போய்விட்டன. அவர்களுக்கு ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடியில் வீடு. அவளுடைய அப்பா அப்பாவு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். காலையில் மகளைத் தோளில் வைத்து இறக்கிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத்தான் ஹார்பருக்குப் போவார். பெண் வளர வளர அது நடக்காது என்று அம்மா கெங்கம்மாவுக்குத் தெரிந்தது. கீழ்வீட்டுக்காரர்களிடம் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பிறகு மறுபடியும் கெஞ்சினாள். கடைசியில் வீட்டை மாற்றிக்கொண்டாள். "எங்கம்மா மட்டும் அன்னிக்கு வாய மூடிகினு இருந்திருந்தா, நான் இன்னிக்கும் மாடி ஜன்னல்ல உக்காந்துகினு காக்கா எண்ணிகினு கீவேன்" என்பாள் மதி.

பிளஸ் டூ முடித்ததும் டோல்கேட் பகுதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். அதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அது தரைத்தளத்தில் இருந்தது. அங்கே கம்ப்யூட்டரில் பிளான் வரையும் ஆட்டோகேட் படித்தாள். அப்போது புதிதாக வந்திருந்த த்ரீ-டி வேலையையும் கற்றுக்கொண்டாள். கையில் வந்துவிட்டது. நாங்கள் தட்டையாக வரைந்து கொடுக்கும் பிளானை அவள் சுவராக, தூணாக, ஜன்னல் வழியாக வெயில் விழும் அறையாக எழுப்பிக் காட்டுவாள். பிளானைப் பார்த்துத் தலையைச் சொறியும் வாடிக்கையாளர்கள், மதியின் திரையைப் பார்த்ததும் "ஓ, இதானா!" என்பார்கள்.

2004இல் தேவப்பிரியம் சார் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு கம்பெனி புதியது வாங்கிக்கொண்டு பழையதைத் தள்ளிவிட்டிருந்தது. பெட்டியின் மேல் 'வர்ச்சுவல் ரியாலிட்டி' என்று போட்டிருந்தது. உள்ளே கண்ணை முழுக்க மூடும் ஒரு கனத்த கருவியும், கையில் பிடிக்க ஒரு குச்சியும் இருந்தன. நாங்கள் அதை ஹெல்மெட் என்றே கூப்பிட்டோம். அதை மாட்டிக்கொண்டு தலையைத் திருப்பினால், இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத கட்டடத்துக்குள் நிற்பது போல இருக்கும். குச்சியைத் தள்ளினால் நடக்கலாம். படம் கொஞ்சம் தாமதமாகத்தான் திரும்பும். எனக்கு ஐந்து நிமிடத்தில் குமட்டல் வந்துவிடும்.

மதிக்கு வரவில்லை.

அப்போது கையில் இருந்த பெரிய வேலை ஒரு கல்யாண மண்டபம். திருவொற்றியூர்க் கடலோரத்தில் ஒரு மீனவர் குப்பம், தன் ஜனங்களுக்கென்று சொந்தமாகக் கட்ட நினைத்தது. குப்பத்தின் தலைவர் பாஸ்கர், இரண்டு விசைப்படகுகளுக்குச் சொந்தக்காரர். எண்ணூர் வரைக்கும் இதைவிடப் பெரிய மண்டபம் இருக்கக் கூடாது என்பது அவருடைய ஆசை. மனையோ நீளமாக, குறுகலாக இருந்தது. அதனால் எல்லோரும் செய்வதைத்தான் சாரும் செய்தார். சாப்பாட்டுக்கூடத்தைக் கீழேயும் கல்யாணக் கூடத்தை மாடியிலும் வைத்தார். நடுவில் அகலமான படிக்கட்டு. ஆயிரம் பேர் உட்காரலாம்.

மதி அதை முழுதாக எழுப்பி முடித்த அன்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். நான் ஏதோ கேட்டேன்.

"ஹென்றி, ஒரு நிமிசம் பேசாத," என்றாள். "நான் படி ஏறிகினு கீறேன்."

கருவியில் கண் மட்டம் ஐந்தேகால் அடியில் இருந்தது. நிற்கும் மனிதனின் உயரம். அவள் அந்த உயரத்தில் படிக்கட்டின் அடியில் நின்றாள். குச்சியை மெதுவாகத் தள்ளினாள். படி படியாக மேலே போனாள். ஹெல்மெட்டுக்கு வெளியே அவளுடைய வாய் மட்டும் எனக்குத் தெரிந்தது. அது சிரித்துக்கொண்டிருந்தது. மேலே போனதும் இறங்கினாள். மறுபடியும் ஏறினாள். அந்த வாரம் முழுக்க மத்தியானச் சாப்பாட்டை வேகமாக முடித்துவிட்டு அதைத்தான் செய்தாள்.

ஒரு நாள் ஹெல்மெட்டைக் கழற்றியவள் சிரிக்கவில்லை.

"இன்னாச்சு மதி?"

"மணமேடைகிட்ட போயி நின்னு பாத்தேன். நல்லாக் கீது. ஆனா இத்தக் கட்டி முடிச்சப்புறம் இந்த மேடைய நான் பாக்கவே முடியாது, இல்ல? நானே கட்டிட்டு நானே வெளிய நிக்கணும்."

பிறகுதான் அண்ணன் அறிவின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள். பெரம்பூரில் ஒரு மண்டபம். அவர்கள் பௌத்தக் குடும்பம், பஞ்சசீலம் சொல்லி மாலை மாற்றிச் செய்யும் கல்யாணம். கூடம் மாடியில். "தூக்கினு போறேன் வா" என்று அப்பாவு குனிந்திருக்கிறார். பட்டுப் புடவை கட்டிய இருபத்தோரு வயதுப் பெண். ஊர் பார்க்க மூட்டை மாதிரி தோளில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "எனுக்கு இங்கியே சத்தம் கேக்குது நைனா, நீ போ." எல்லோரும் மேலே போன பிறகு, இலை போடாத மேஜைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, மைக்கில் வந்த பஞ்சசீலத்தைக் கீழேயிருந்து கூடவே சொன்னாளாம்.

அன்று மாலையே சாரிடம் போனாள். "சார், கண் மட்டத்த எறக்கி ஒரு தபா நீங்க பாக்கணும்."

அலுவலகத்துக்குள் அவள் பயன்படுத்தும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் கண் இருக்கும் உயரம் மூன்றே முக்கால் அடி. அதில் வைத்தாள். படிகள் ஏறாதபடி பூட்டினாள். சார் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே சுற்றினார். வரவேற்பு மேஜை அவருக்குச் சுவர் மாதிரித் தெரிந்தது. கை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியின் அடிவிளிம்புதான் கண்ணுக்கு நேராக இருந்தது. படிக்கட்டுக்கு வந்து நின்றுவிட்டார்.

கழற்றியதும் சொன்னார்: "வாசப்படிய உடைக்கத் தெரிஞ்ச எனக்கு, பிளான்ல இது தோணலையே மதி."

"எனுக்கும்தான் சார் தோணல. நான்தான இத்தினி நாளா ஜாலியா ஏறி எறங்கிகினு இருந்தேன்."

பாஸ்கருக்கும் இப்படியே காட்டலாம் என்று முடிவானது. அவர் கோபித்துக்கொண்டு வேறு ஆளைப் பார்க்கலாம், அதற்கும் சார் தயாராக இருந்தார். மதி இன்னொன்றும் செய்தாள். மாடிக் கூடத்தில் கெட்டிமேளச் சத்தத்தைச் சேர்த்தாள். பக்கத்தில் போகப் போகச் சத்தம் கூடும். தள்ளி நின்றால் மெலிதாகக் கேட்கும்.

பாஸ்கர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். ஹெல்மெட்டை மாட்டியதும் சிரித்தார்.

"இன்னா தங்கச்சி, நான் குள்ளமாப் பூட்டேனா?"

"உக்காந்துகினு பாக்குறீங்கண்ணே. மொதல்ல இப்டிப் பாருங்க."

"சோக்காக் கீது. இது டைனிங் ஹாலு. மேளம் கேக்குதே, மேலயா?"

"ஆமாண்ணே. முகூர்த்தம் நடக்குது."

"இரு, போயிப் பாக்குறேன்." குச்சியைத் தள்ளினார். மறுபடியும் தள்ளினார். "ஏற மாட்டேங்குதும்மா. மெசினு மக்கர் பண்ணுதா?"

"மெசினு நல்லாத்தான் கீது. சக்கர நாக்காலி படி ஏறாதுண்ணே."

மேளம் துரிதமானது. பாஸ்கர் தலையை இடமும் வலமும் திருப்பினார். காலி மேஜைகள். இன்னொரு முறை குச்சியை அழுத்தினார். பிறகு கையை எடுத்துவிட்டார். ஹெல்மெட்டை உடனே கழற்றவில்லை. கழற்றியபோது நெற்றியில் பட்டையின் தடம் சிவந்திருந்தது.

"எம்பொண்ணு கல்யாணத்துல எங்கம்மாவுக்கு இடுப்பு ஒடிஞ்சிருந்திச்சு," என்றார். "கீய உக்கார வெச்சுட்டுப் போனோம். 'எனுக்கு சத்தம் கேட்டாப் போதும், நீங்க போங்கடா'ன்னுச்சு. நானும் அத்த நம்பிட்டேன்."

"எங்கண்ணன் கல்யாணத்துல நானும் அப்டித்தாண்ணே சொன்னேன்," என்றாள் மதி.

பாஸ்கர் அவளையும், அவளுடைய நாற்காலியையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சார் பக்கம் திரும்பினார்.

"ஹால கீய கொண்டாந்தா எத்தினி பேரு உக்காரலாம் சார்?"

"எழுநூறு பேர். டைனிங்கும் கீழயே பின்னாடி வந்துடும். பொண்ணு மாப்பிள்ளை ரூமெல்லாம் மாடிக்குப் போயிடும்."

"எண்ணூர் ரோட்டுலயே இதான் பெருசுன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேனே," என்று முனகிக்கொண்டே போனார்.

அடுத்த வாரம் குப்பத்துப் பெரியவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் ஹெல்மெட்டை அவரே மாட்டிவிட்டார். "போ, போயி முகூர்த்தம் பாரு, பாக்கலாம்" என்றார். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஒருவர் சாப்பிட்ட இட்லியை எங்கள் வராண்டாவில் கொட்டினார். மண்டபம் சின்னதாகிவிடுமே என்று ஒருவர் சத்தம் போட்டார். பாஸ்கர் அவரிடம், "உன் வூட்லயும் ஒரு கெயவி கீது, மறந்துடாத" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. பழைய பிளானை மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தோம்.

கட்டட வேலை நடந்தபோது மதி வாரம் ஒருமுறை திருவொற்றியூருக்குப் போனாள். கையில் பிளானோடு, காதில் பென்சிலோடு, மணலில் பலகை போட்டு அதன் மேல் நாற்காலியை ஓட்டுவாள். திறப்பு விழாவுக்குச் சில வாரம் இருக்கும்போது, கழிவறைக் கதவு நாற்காலிக்குப் போதவில்லை என்று கண்டுபிடித்தாள். கான்ட்ராக்டர் சின்னப்பையன், கடையில் கிடைத்த வழக்கமான கதவு நிலையையே வைத்துவிட்டார்.

"ரெண்டு இஞ்சுதாம்மா கம்மி. யாரு வந்து அளக்கப் போறாங்க?"

"நான்தான் வந்து அளந்துகினு கீறேனே."

"டைல்ஸெல்லாம் ஒட்டியாச்சு. ஒடச்சா பேஜாரும்மா."

"இப்ப ஒடச்சா உங்களுக்குப் பேஜாரு. ஒடைக்காட்டி இங்க வர்றவங்களுக்கு எப்பவும் பேஜாரு. நீங்களே சொல்லுங்க."

சின்னப்பையன் முணுமுணுத்துக்கொண்டே சுத்தியலைக் கொண்டுவரச் சொன்னார். உடைத்து முடியும் வரைக்கும் மதி அங்கிருந்து நகரவில்லை.

2006 தை மாதம் மண்டபம் திறந்தார்கள். அப்பாவு, கெங்கம்மா, அறிவு எல்லோரும் வந்தார்கள். தேவப்பிரியம் சார் மேடையில் உட்கார்ந்திருந்தார். பாஸ்கர் மைக்கைப் பிடித்து, "இந்த மண்டபத்த எனுக்கு முன்னாடியே சுத்திப் பாத்தது ஒரு பொண்ணு. அது மேல வரணும்" என்றார்.

அப்பாவு பழக்கத்தில் எழுந்து மகளைத் தூக்கக் குனிந்தார். கெங்கம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உடு. அவளே போவா."

மேடையின் பக்கவாட்டில் சாய்தளம் இருந்தது. மதி சக்கரத்தைக் கையால் உருட்டி ஏறினாள். எழுநூறு பேரும் எழுந்துவிட்டார்கள், விசில் பறந்தது. மைக்கில் அவள் என்ன பேசினாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கீழே இருந்த அப்பாவு முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு. ராயபுரம் ஆபீஸ்ல கீது. எம்பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எங்கள் அலுவலகத்தில் எந்த டிசைனையும் இரண்டு உயரத்தில் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்பினோம். எண்ணூரில் ஒரு பள்ளிக்கூடம், விம்கோ நகரில் ஒரு மருத்துவமனை. வாடிக்கையாளர்கள் மதியைக் கேட்டே வர ஆரம்பித்தார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை, பிள்ளைகளுக்கும் அதே உயரம்தானே என்று பள்ளிக்கூடத்துக் கரும்பலகைகளைக் கீழே இறக்கியதும் அவள்தான்.

விழா அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் வரிசையில் பாஸ்கரின் அம்மா கோவிந்தம்மா உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் மீன் விற்ற குரல். மேடையிலிருந்து இறங்கிய மதியைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

"யாரு வூட்டுப் பொண்ணு நீ?"

"வியாசர்பாடி ஆயா. அப்பாவு பொண்ணு."

"இன்னா வேல செய்யிற?"

"இந்த மண்டபத்த வரைஞ்சவங்கள்ல நானும் ஒருத்தி," என்றாள் மதி. அவள் அப்படி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

கோவிந்தம்மா கூரையை ஒரு சுற்று பார்த்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

"நல்லாத்தான் கட்டிக் கீற. ஆனா இந்தப் பக்கம் காத்தே வரல. ரெண்டு ஃபேன் சேத்துப் போட்டா இன்னா?"

மதி நிமிர்ந்து பார்த்தாள். கிழவி சொன்னது சரிதான். காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கையில் இருந்த அழைப்பிதழின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, "எந்த எடத்துல ஆயா? கையக் காட்டு" என்றாள்.