பாதிப் பெயரோடு நிறுத்தாத அக்கா

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இப்போதுதான் அவரைப் பற்றி நிதானமாக எழுத முடிகிறது.

ஜெயங்கொண்டம் பக்கம், முந்திரிக் காட்டை ஒட்டிய ஊரில் அக்கா பிறந்தார். பிளஸ் டூ முடித்ததும் வேப்பந்தட்டைப் பக்கம் மணமுடித்துக் கொடுத்தார்கள். மாமா அங்கே உரக்கடை வைத்திருந்தார். முதல் குழந்தை தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அக்காவை வெளியே அழைத்து வந்தது, அரசு நடத்திய வயதுவந்தோர் எழுத்தறிவு வகுப்புதான். அதில் சொற்ப மதிப்பூதியத்துக்கு ஆசிரியராகச் சேர்ந்தார். வெங்காயக் கொல்லையில் வேலை முடித்துக் களைத்து வரும் பெண்களை வீடு வீடாகப் போய்க் கூட்டி வருவார்.

சில ஆண்டுகளில் திட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். நிதி நின்றது, மையத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். அப்போது மருதாம்பாள் என்பவர் தம் பெயரில் ‘மருதா’ வரைக்கும்தான் எழுதப் பழகியிருந்தார். நேரே அக்காவிடம் வந்தார்.

“பாதிப் பேரோட நிறுத்துனா எப்படிங்க டீச்சர்?”

அடுத்த திங்கட்கிழமை அக்கா மருதாம்பாளையும் இன்னும் சில பெண்களையும் அழைத்துக்கொண்டு பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனார். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். ஆனால் ஒதுக்கீடு இல்லாமல் தம்மால் எதுவும் செய்ய இயலாது என்று வருத்தத்தோடு சொல்லி அனுப்பினார். திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தாராம்.

சம்பளமே இல்லாத வேலை இனி எதற்கு என்று முதலில் கடிந்துகொண்டவர் மாமாதான். பிறகு கடையில் உர மூட்டைகளை ஓரமாக அடுக்கி, இடம் ஒதுக்கிக் கொடுத்தவரும் அவரே. வகுப்பு அங்கே தொடர்ந்தது. மருதாம்பாள் தம் முழுப் பெயரையும் எழுதினார். அதற்கு மேலும் படித்தார்.

இதைத் தியாகம் என்று யாராவது புகழ்ந்தால் அக்காவுக்குப் பிடிக்காது. “நான் சும்மா சொல்லித்தரேன்னு பெருமையா பேசாதடா தம்பி. இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. கேட்டுக்கிட்டேதான் இருக்கணும்,” என்பார். உடம்பு இடங்கொடுத்த வரைக்கும் மனுவோடு போய்க் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். பின்னர் புதிய திட்டம் வந்து, பள்ளிக்கூடத்திலேயே வகுப்பு மீண்டும் தொடங்கியது. ஆனால் அதில் சொல்லித்தரும் தன்னார்வலருக்கு ஊதியம் இல்லை. அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

புற்றுநோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு நாள் மருதாம்பாள் தனியாக வந்து நின்றார். எப்படி வார்டைக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்.

“போர்டைப் படிச்சுட்டுத்தான் வந்தேன் தம்பி. யாரையும் கேக்கல.”

கண்ணை மூடியிருந்த அக்கா அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அந்த வாரமே எங்களை விட்டுப் போய்விட்டார்.

சிகிச்சையில் துணைநின்ற மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுத்த இளைஞர்கள், இறுதிக் காரியங்களில் தோள்கொடுத்த உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. அக்காவின் வகுப்புப் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களை எண்ணியே இந்த நினைவு மலரைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை, அவர்களே படித்துக்கொள்வார்கள்.