தாய்மாமன் முகத்தில் பச்சைக் கோடு

அட்டையில் எழுதியிருக்கும் வேகத்தில் ஒரு பொருள் ஓடவில்லை என்றால், குற்றம் யாருடையது? பொருளுடையதா, அதை மாட்டிய இடத்துடையதா, அவசரப்பட்ட ஆளுடையதா? பத்து நாளாக யோசிக்கிறேன்... விடை கிடைத்தபாடில்லை.

ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவள் நான். கம்ப்யூட்டர் திணறுகிறது என்று ஒருநாள் போனில் புலம்பினேன். பட்டாளத்தில் இருக்கும் கணவர் உடனே கம்ப்யூட்டர் மெமரியான ராம் ஸ்டிக் இரண்டு வாங்கி கூரியரில் அனுப்பிவிட்டார். அட்டையில் வேகம் 3600 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வீடியோ பார்த்து நானே மாட்டினேன். திரையில் வந்தது 3200.

“என்ன பிள்ள, பறக்குதா?” என்றார் போனில்.

“பறக்குதுங்க!”

அவ்வளவு ஆசையாகக் கேட்கிறவரிடம் வேறு என்ன சொல்ல?

சொன்ன பொய்யை உண்மையாக்கிவிடலாம் என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். அங்கே சர்வீஸ் கடை வைத்திருக்கும் கனி அக்கா மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“ராம் நல்ல ராம்தான். உன் மதர்போர்டுல இருக்க சிப்செட்டு 3200-க்கு மேல விடாது. அம்புட்டுத்தான்.”

மெமரி வேகத்தைக் கூட்ட அனுமதிக்கிற சிப்செட் உள்ள போர்டாகப் பார்த்து மாற்றிக் கொடுத்தார். திரையில் 3600! எனக்குக் கை தட்டாத குறை.

“ரொம்பக் குதிக்காத. சிப்செட்டு அனுமதிதான் குடுக்கும், உத்தரவாதம் குடுக்காது. புராசசரும் அந்த வேகத்தத் தாங்கணும். வீட்டுக்குப் போயி நாலு மணி நேரம் மெமரி டெஸ்ட் ஓட விடு. ஒரு தப்புகூட வரலைன்னா, பொறவு வேலையத் தொடங்கு.”

அன்று ராத்திரி முழுக்க கரண்ட் இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் வந்தது; அன்றைக்கே மம்சாபுரத்துக் கல்யாண ஆல்பத்தைத் தொடங்க வேண்டும். நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை. டெஸ்ட்டுக்கோ நாலு மணி நேரம். எந்த ஆல்பத்தையும் நான் நல்ல நேரம் பார்க்காமல் தொடங்கியதே இல்லை. எதை விடுவது?

டெஸ்ட்டை விட்டேன்.

உண்மையிலேயே பறந்தது. 3600 தெரிகிற மாதிரி திரையைப் போட்டோ எடுத்து கணவருக்கும் அனுப்பினேன். முதல் சில பக்கங்களை வாட்ஸ்அப்பில் பெண்ணின் அம்மாவுக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். போன் அடித்தது.

“ஏம்மா, எங்க அண்ணன் மொகத்துல பச்சைக் கோடு போட்டிருக்கிய? இது என்ன டிசைனு? அவிய ஏற்கெனவே கோவக்காரவிய!”

திறந்து பார்த்தால்... மாலையும் கழுத்துமாக நிற்கும் தாய்மாமன் முகத்தின் குறுக்கே பட்டையாக ஒரு பச்சைக் கோடு. அதற்குள் போனை வாங்கிவிட்டார் தாய்மாமன்.

“மொத வரிசையில என்னைய மட்டும் கோடு போட்டு அடிக்கச் சொன்னது யாருன்னு சொல்லும்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரவியதான?”

ஒரு ராம் ஸ்டிக்கால் இரண்டு குடும்பம் பிரிந்துவிடக் கூடாதே என்று, சரிசெய்து அனுப்புகிறேன் எனச் சொல்லி போனை வைத்தேன். முதலில் நான் விசாரித்தது யாரைத் தெரியுமா? இரண்டு வயது மகளை. “எதையும் அமுக்கினியா தங்கம்?” தலையாட்டினாள். அவள் எதற்கும் தலையாட்டுவாள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

கனி அக்காவுக்குப் போன் போட்டேன்.

“டெஸ்ட் ஓட விட்டியா?”

“நல்ல நேரம் போயிருமேன்னு...”

“ஏட்டி! மெமரிக்குப் பஞ்சாங்கம் வாசிக்கத் தெரியுமா?” சிரித்து முடிக்கவே செத்த நேரம் ஆனது அவருக்கு. “ஒரிஜினல் போட்டோ கேமரா கார்டுல பத்திரமா இருக்கும்லா? உன் புராசசர் அந்த வேகத்தத் தாங்கல, அதான் படம் கெட்டுப்போச்சு. வேகத்த எறக்கு. டெஸ்ட் ஓட்டு. பொறவு புதுசா பக்கத்தப் போடு.”

இறக்கினேன் – 3200-க்கு. நாலு மணி நேரம், ஒரு தப்பு இல்லை. தாய்மாமன் பளிச்சென்று வந்தார். “இப்பத்தான் நான் நான் மாதிரி இருக்கேன்” என்று அவரே சொன்னார். அப்பாடா!

பக்கத்து வீட்டுக் குழந்தை ரைம்ஸ் சொல்கிறது என்று என் மகளையும் நான் இப்படித்தான் விரட்டுகிறேனோ என்று அன்றைக்குத் தோன்றியது. தவறில்லாமல் ஓடுகிற வேகம் போதாதா என்ன?

எனக்குப் போதும். என் கணவருக்கு?

இந்த மாதக் கடைசியில் லீவில் வருகிறார். மகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, அடுத்த வேலையாக கம்ப்யூட்டரைத்தான் ஆன் செய்வார். நான் போட்டோ அனுப்பிய 3600 இருக்காது, 3200 நிற்கும். இப்போதே போனில் சொல்லிவிடவா, வந்து ஒரு வேளை வீட்டுச் சோறு சாப்பிட்டதும் சொல்லவா? பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்ட அக்காமார்களே, கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள் – அவர் டிக்கெட் போட்டுவிட்டார்!